அரிசி மாவு பிரெட் சரி, சல்லடை யாருடையது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா தன் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு போன வாரம் வந்தார். சிறுமிக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைக் கெடுக்கும் நோய் அது. கோதுமையை நிறுத்தியதும் வயிற்றுப்போக்கு நின்றது, எடையும் ஏறியது. இப்போது மறுபடி வயிற்று வலி. ரத்தப் பரிசோதனையில், இந்த நோயில் ஏறும் டிடிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவும் ஏறியிருந்தது.

"வெளிய ஒரு பன் கூட வாங்கித் தர்றதில்ல மேடம். வீட்லயே அரிசி மாவுல பிரெட் சுட்டுத் தர்றேன்" என்றார். டிபன் பாக்ஸில் இரண்டு துண்டு கொண்டுவந்திருந்தார். நல்ல பிரெட். ஆனால் அடிப்பக்கம் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். "டின்ல ஒட்டாம இருக்க மைதா தூவினேன். பிரெட்டுக்குள்ள போடலையே."

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது வீடு இது. அந்த அம்மா மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. இன்ன இன்னதைச் சாப்பிடாதே என்று பட்டியல் கொடுத்து அனுப்பும் நாங்கள், எது எதன் மேல் படக்கூடாது என்று உட்கார்ந்து சொல்வதில்லை. என் கோபம் அதன் மேல்தான்.

முதலில் ஒன்று. மைதா கோதுமைதான், கிழங்கு மாவு இல்லை. ரவை கோதுமை, சாதாரண சேமியா கோதுமை, பீச் பக்கம் சாப்பிடுகிற அத்தோவின் நூடுல்ஸும் கோதுமை. பார்லியும் ஆகாது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். புளிக்க வைத்தால் குளூட்டன் போய்விடும், அடுப்புச் சூட்டில் போய்விடும் என்பதையெல்லாம் நம்பாதீர்கள். போகாது.

அடுத்தது மாவு மில். எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இதுதான். "கோதுமையே வாங்கறதில்ல, அரிசியைக் கழுவிக் காயவெச்சு மில்லுல குடுத்து அரைச்சேன்" என்பார்கள். மிளகாய் அரைத்த மெஷினில் உங்கள் அரிசியைப் போட விடுவீர்களா? "அண்ணே, முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்று கேட்டுவிட்டுத்தானே தூக்கைக் கீழே வைப்பீர்கள்? மாவு சிவந்துவிடும், கண்ணுக்குத் தெரியும், அதனால் கேட்கிறோம். கோதுமை அரைத்த பிறகு அரிசியைப் போட்டால் வெள்ளையோடு வெள்ளை, ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு பிடியை ஒதுக்கச் சொன்னேன் என்பவர்களும் உண்டு. மாவு விழும் வாயில் ஒரு துணி கட்டியிருக்குமே, அதைப் பாருங்கள். நாள் முழுக்க அரைத்த கோதுமை அதில் அப்பியிருக்கும். உங்கள் மாவின் கடைசிப் பிடியை இறக்க மில்காரர் தட்டுவது அந்தத் துணியைத்தான். இரண்டு பிடி என்ன, இரண்டு படி ஒதுக்கினாலும் அது சுத்தமாகாது.

கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். கால் டீஸ்பூன் மைதாவில் சுமார் 50 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். தினம் அவ்வளவு உள்ளே போனாலே போதும், சில மாதத்தில் குடல் மறுபடி கெட ஆரம்பிக்கும். பாக்கெட்டில் குளூட்டன் இல்லாதது என்று போட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. டின்னில் தூவிய மைதாவை இதோடு வைத்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? அரிசியைக் கழுவி, துணியில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியிலேயே அரையுங்கள். அதற்கென்று தனி ஜார், தனி சல்லடை, தனி டின். சல்லடையை மட்டும் எவ்வளவு கழுவினாலும் நம்பாதீர்கள், புதிதாக வாங்குங்கள். டின்னில் எண்ணெய் தடவி அரிசி மாவைத் தூவினால் போதும். பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்காதீர்கள், அங்கே காற்றிலேயே மைதா. வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி போடும் நாளில் பிரெட் வேலை வேண்டாம்.

பிரெட் கல்லாக வருகிறது என்பவர்களுக்கு: இதைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது. இழுத்துப் பிடிக்கக் குளூட்டன் இல்லை, அந்த வேலையை, மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்கும் இசப்கோல் உமி செய்யும். அரிசி மாவு 250 கிராம், மரவள்ளிக் கிழங்கு ஸ்டார்ச் 100 கிராம், இசப்கோல் 20 கிராம், ஈஸ்ட் 7 கிராம், உப்பு, கொஞ்சம் எண்ணெய், ஏறக்குறைய 380 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். மாவு கெட்டியான வடை மாவு பதத்தில் இருக்கட்டும். ஒரே ஒரு முறை பொங்க விடுங்கள். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே எழும்பிவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள். 200 டிகிரியில் ஒரு மணி நேரம். முழுக்க ஆறிய பிறகுதான் கத்தி வைக்க வேண்டும், சூட்டோடு வெட்டினால் நடுவில் களி மாதிரி இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள். குழந்தைக்கு இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பரிசோதனைக்கு முன்பே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டு வந்தால் ரிப்போர்ட் சரியாக இருப்பது போலவே காட்டும், நோய் பிடிபடாது.

தண்டையார்பேட்டை அம்மா புதுச் சல்லடை வாங்கி, மாமியார் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று அதன் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாராம். போனில் சொன்னார். சில மாதம் கழித்து டிடிஜி மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.