வயிற்றில் பிள்ளை, நுரையீரலில் ரத்தக்கட்டியா? ஸ்கேன் எப்படிக் கண்டுபிடிக்கிறது

எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை நாம் எல்லோரும் பார்த்திருப்போம்: கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும். எந்தப் பரிசோதனை, எவ்வளவு கதிர் என்று யோசித்து முடிவெடுக்கத்தான் அந்தத் தகவலைக் கேட்கிறார்கள். நம் வீடுகளில் அது "மாசமா இருக்கிற புள்ள அந்தப் பக்கமே போகக் கூடாது" என்று ஆகிவிட்டது. அப்படி ஒதுங்கியிருப்பதால் பெரும்பாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஏழு மாதக் கர்ப்பிணிக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது, மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது, நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார் என்றால், அப்போது "ஸ்கேன் வேண்டாம், பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டார் மறுப்பதுதான் ஆபத்து. ஸ்கேன் அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தப் பயத்தில் பாதி இறங்கிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில், கர்ப்பத்தில் ரத்தம் ஏன் எளிதாக உறைகிறது? நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்து ரத்தக்குழாய்கள் திறந்துகொள்ளும். அந்த ஒரு நேரத்துக்காக உடம்பு மாதக்கணக்கில் தயாராகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜென், 8-ஆம் காரணி போன்றவை கூடுகின்றன. உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரதம் எஸ் குறைகிறது. உறைந்ததைக் கரைக்கும் வேலையும் மந்தமாகிறது. தாய் ரத்தம் கொட்டிச் சாகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. அதற்கு ஒரு விலையும் உண்டு: மற்ற பெண்களைவிடக் கர்ப்பிணிகளுக்குச் சிரையில் (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில்) ரத்தம் கட்டும் வாய்ப்பு நான்கு ஐந்து மடங்கு அதிகம். ஆனாலும் மொத்தத்தில் ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றிரண்டில்தான் இது நடக்கிறது. எனவே கர்ப்பிணிகள் எல்லோரும் இதை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை.

கட்டி பெரும்பாலும் காலிலோ இடுப்புக்குள்ளோதான் முதலில் உருவாகும், அதிலும் பெரும்பாலும் இடது பக்கத்தில். இடது காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் பெரிய சிரையின் குறுக்கே, வலது காலுக்குப் போகும் தமனி ஏறிச் செல்கிறது. வளர்ந்த கர்ப்பப்பையும் மேலிருந்து அழுத்துவதால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தேங்குகிறது. ஒரு கால் மட்டும், முக்கியமாக இடது கால் மட்டும், வீங்கி வலித்தால் அதைச் சாதாரணக் கர்ப்பகால வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது. காலில் உருவான கட்டி கழன்றால் இதயத்தின் வலது பக்கம் வழியாக நேரே நுரையீரலுக்குப் போய் அங்கே சிக்கிக்கொள்கிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் இதைவிட மோசமான காலம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு ஏறத்தாழ 45 சிசேரியன். ஆபரேஷன், அதன் பிறகு படுக்கை என்று இரண்டுமே கட்டி உருவாகத் தோதானவை. "பச்ச உடம்புக்காரி" என்று தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்த ஒரு வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்கலாம். அவளுக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள், டாக்டர் சொன்னதும் எழுந்து நடக்கவிடுங்கள்.

நோயைக் கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல், இதன் அறிகுறிகள் பலவும் சாதாரணக் கர்ப்பத்திலும் இருப்பதுதான். புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சைத் தூண்டிவிடுவதால் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மூச்சிரைப்பது போலத் தோன்றும். இதயத் துடிப்பு கூடும், கால் வீங்கும். கட்டி கரையும்போது ரத்தத்தில் சேரும் டி-டைமர் என்ற துணுக்கை அளப்பது மற்றவர்களுக்கு நல்ல வடிகட்டி. கர்ப்பத்தில் அதுவும் தானாகவே ஏறிக்கொண்டு போகிறது. கடைசி மூன்று மாதத்தில் வழக்கமான வரம்பான 500-ஐப் பெரும்பாலான பெண்கள் தாண்டிவிடுகிறார்கள்.

அதனால் டாக்டர்கள் படிப்படியாகத்தான் போகிறார்கள். காலில் வீக்கமிருந்தால் முதலில் டாப்ளர் எடுப்பார்கள். அது ஒலியலை மட்டுமே, கதிர் கிடையாது. காலில் கட்டி தெரிந்துவிட்டால் நுரையீரலைப் பார்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். காலில் கட்டியின் அறிகுறி உண்டா, இருமலில் ரத்தம் வந்ததா, நுரையீரல் அடைப்புதான் முதல் சந்தேகமா என்ற மூன்று கேள்விகளை டி-டைமரோடு சேர்த்துப் பார்க்கும் முறையை 498 கர்ப்பிணிகளிடம் சோதித்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் டி-டைமர் 1000 வரை பொறுக்கலாம் என்பது அதன் விதி. அந்த வழியில் போனதில் 100-க்கு 39 பேருக்கு சிடி ஸ்கேன் தேவைப்படவில்லை. அவர்களில் யாருக்கும் அடுத்த மூன்று மாதத்தில் நுரையீரல் அடைப்பு வரவில்லை. மொத்தப் பேரில் அடைப்பு உறுதியானவர்களே 100-க்கு 4 பேர்தான். ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டதும் நோயே வந்துவிட்டதாக இடிந்துபோக வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

இப்போது ஸ்கேனுக்கு வருவோம். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, ஊரில் நியூக்ளியர் மெடிசின் (கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்திப் படமெடுக்கும் பிரிவு) வசதியும் இருந்தால், ரத்த ஓட்ட ஸ்கேன் ஒன்றைச் செய்யலாம். அந்த ஸ்கேனின் யோசனை எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது: ஒரு பெரிய அடைப்பைக் கண்டுபிடிக்க, வேண்டுமென்றே லட்சக்கணக்கான குட்டி அடைப்புகளை உள்ளே அனுப்புகிறார்கள்.

மனித ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தைச் சூடாக்கித் திரளச் செய்தால் நுண்ணிய துகள்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 90 மைக்ரான் அகலம். சிவப்பணு 7, 8 மைக்ரான்தான், நுரையீரலின் நுண்குழாய்களும் கிட்டத்தட்ட அதே அளவு. எனவே சிவப்பணு நுழைந்து போகும் வழியில் இந்தத் துகள் போக முடியாது. இதில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஒட்டவைத்துக் கைச் சிரையில் ஊசியாகப் போடுகிறார்கள். சிரையில் போட்டது எதுவும் உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போகும் முன் நுரையீரலைக் கடந்தாக வேண்டும். துகள்கள் அங்கேயே, முதல் சுற்றிலேயே சிக்கிவிடுகின்றன. ரத்தம் நிறையப் போகும் இடத்தில் நிறையத் துகள், போகாத இடத்தில் துகளே இல்லை. வாய்க்காலில் சாயம் கரைத்துவிட்டால் எந்த வயலுக்கு மடை அடைபட்டிருக்கிறது என்று வரப்பில் நின்றே சொல்லிவிடலாம் அல்லவா, அதே கணக்கு. அந்தக் கதிரைப் பிடிக்கும் காமா கேமரா முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் நின்று படமெடுக்கும்போது அடைபட்ட பகுதி ஆப்பு வடிவத்தில் வெறுமையாகத் தெரியும்.

துகள்கள் நுரையீரலையே அடைத்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. நுண்குழாய்களுக்கு முந்தைய குட்டித் தமனிகள் மட்டுமே ஏறத்தாழ 30 கோடி இருக்கின்றன. கர்ப்பிணிக்குப் போடும் துகள்களோ ஒன்று இரண்டு லட்சம்தான், மற்றவர்களுக்குப் போடுவதைவிடக் குறைவு. ஆயிரத்தில் ஒரு குழாய்கூட அடைபடாது. சில மணி நேரத்தில் அந்தத் துகள்களும் உடைந்து கரைந்துவிடும்.

ஊசி போடுகிறவரின் கைப்பக்குவம் இதில் முக்கியம். துகள்கள் அடியில் தங்கிவிடும் என்பதால் சிரிஞ்சை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குவார். சிரையில் ஏறிவிட்டதா என்று பார்க்க ரத்தத்தைச் சிரிஞ்சுக்குள் இழுக்க மாட்டார். இழுத்தால் துகள்கள் ரத்தத்தோடு ஒட்டிக் கட்டியாகி, படத்தில் பொய்யான கரும்புள்ளிகளாக விழும். துகள்கள் நுரையீரலின் மேலும் கீழும் ஒரே சீராகப் பரவுவதற்காகப் படுக்கவைத்து, பல மூச்சு நேரம் எடுத்து மெதுவாகச் செலுத்துவார். நிறைமாதத்தில் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய சிரையை அழுத்தி மயக்கம் வரும். இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் தலையணை வைக்கச் சொல்லிக் கேட்கத் தயங்கவே கூடாது.

டெக்னீசியம் இயற்கையில் அரிது. 1937-இல் இத்தாலியின் பலெர்மோவில் செயற்கையாகக் கிடைத்த முதல் தனிமம் அது. டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம். இன்று காலை போட்டதில் நாளைக் காலை பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். உடைந்த துகள்களிலிருந்து கழலும் டெக்னீசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீர்ப்பையும் கர்ப்பப்பையும் ஒட்டி ஒட்டி இருப்பதால், பிள்ளைக்குக் கதிர் போகும் வழிகளில் நிறைந்த சிறுநீர்ப்பையும் ஒன்று. "நிறையத் தண்ணி குடிங்கம்மா, அடக்கி வைக்காம அடிக்கடி பாத்ரூம் போயிட்டு வாங்க" என்று டெக்னீசியன் சொல்வது வெறும் உபசாரப் பேச்சு இல்லை. பிள்ளைக்குப் போகும் அளவைக் குறைக்கத் தாய் தன் கையால் செய்யக்கூடிய வேலை அது.

காற்றோட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது முழு ஸ்கேன். கதிரியக்கத் தூசியை மூச்சில் இழுக்கச் சொல்வார்கள். காற்று போகிறது, ரத்தம் போகவில்லை என்றால் அடைப்பு. நிமோனியா போன்றவற்றில் இரண்டுமே குறைந்திருக்கும். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் ரத்த ஓட்டப் பகுதியை மட்டும், அதுவும் குறைந்த மருந்தளவில் எடுக்கிறார்கள். அது சரியாக இருந்தால் அடுத்த பகுதி தேவையில்லை.

மாவட்டத் தலைநகர்கள் பலவற்றில் நியூக்ளியர் மெடிசின் பிரிவு கிடையாது. சிடி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் இருக்கிறது. முழங்கையில் பச்சை நிற வென்ஃப்ளான் (சிரைக்குள் வைக்கும் மெல்லிய குழாய்) போட்டு, அயோடின் கலந்த மருந்தை விநாடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் செலுத்தி, அது நுரையீரல் தமனியில் நிறைந்திருக்கும் சில விநாடிகளில் படமெடுக்கிறார்கள். வெள்ளையாக நிறைந்த குழாயின் நடுவே கட்டி சாம்பல் நிறத்தில் தெரியும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலக்கூடத் தோன்றும். போயிருக்காது. கர்ப்பத்தில் ரத்த அளவும் இதயத்தின் வேகமும் கூடியிருப்பதால் மருந்து நீர்த்துப்போகிறது. மூச்சை ஆழமாக இழுத்தால் வயிற்றுப் பக்கத்திலிருந்து மருந்து கலக்காத ரத்தம் விரைந்து வந்து படத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் கர்ப்பிணியிடம் "ரொம்ப இழுக்காதீங்கம்மா, சாதாரணமா விட்டு அப்படியே நிறுத்துங்க" என்கிறார்கள்.

எல்லோரும் கேட்கும் கேள்வி பிள்ளைக்கு எவ்வளவு கதிர் என்பது. இதை மில்லிகிரேயில் அளப்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் பிள்ளைக்குப் போவது 0.01-க்கும் குறைவு. ரத்த ஓட்ட ஸ்கேனிலும் சிடியிலும் பொதுவாக 1-க்குள், பல நேரம் அரைக்கும் கீழே. எந்த ஸ்கேனும் எடுக்காத தாயின் வயிற்றிலும் மண், பாறை, வானம் வழியாக ஒன்பது மாதத்தில் ஏறத்தாழ 1 மில்லிகிரே சேர்கிறது. கருச்சிதைவோ ஊனமோ 50-க்குக் கீழே காணப்பட்டதில்லை. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் இயற்கைக் கதிர் பல மடங்கு அதிகம். கருநாகப்பள்ளி மக்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் சிறு அளவுக்கும் சிறு வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டே மருத்துவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்த எச்சரிக்கை சரியானது. அப்படிப் பார்த்தாலும் ஆபத்து மிக மிகச் சிறியது.

நெஞ்சை எடுக்கும் சிடியில் கதிர்க்கற்றை வயிற்றின் மேல் விழுவதே இல்லை. பிள்ளைக்கு எட்டுவது தாயின் உடம்புக்குள்ளேயே சிதறி வருவது. அதை வயிற்றின் மேல் போர்த்தும் ஈயக் கவசம் தடுக்காது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் கவசத்தை வழக்கமாகப் போடுவதை நிறுத்தலாம் என்றே சொல்லிவிட்டது. சிடி கற்றையின் நேர் வழியில் இருப்பவை தாயின் மார்பகங்கள். கர்ப்பத்தில் அவை வளர்ந்துகொண்டிருப்பதால் கதிருக்குக் கூடுதலாக ஆட்படக்கூடியவை. நவீன சிடியில் அங்கே 3 முதல் 10 மில்லிகிரே வரை போகும். ரத்த ஓட்ட ஸ்கேனில் அதில் சிறு பங்குதான். இரண்டில் எது என்று முடிவுசெய்யும்போது உண்மையில் எடைபோட வேண்டியது தாயின் இந்தக் கணக்கை. வீட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இரண்டும் கிடைக்கும் ஊரில், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும் இளம் தாய்க்கு ரத்த ஓட்ட ஸ்கேனைக் கேட்டுப் பார்க்கலாம். சிடி மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை எடுத்துவிடுவதே சரி. ரத்த அழுத்தம் விழுந்து தாய் தடுமாறும்போது எது கைக்கு எட்டுகிறதோ அது.

சந்தேகம் பலமாக இருந்து ஸ்கேன் தாமதமானால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை முதலிலேயே தொடங்கிவிடுவார்கள். அதன் மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது. அதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் மாத்திரை தாண்டும், அதனால் கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கிறார்கள். அடைப்பு உறுதியானால் பிரசவம் வரையிலும் அதற்குப் பிறகு குறைந்தது ஆறு வாரமும் ஊசி தொடரும். பிரசவ வலி எடுத்ததும் ஊசியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். கடைசி முழு அளவு ஊசி போட்டு 24 மணி நேரம் ஆகாமல் முதுகில் மயக்க ஊசி போட மாட்டார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு ரத்த ஓட்ட ஸ்கேன் எடுத்தால் 12 மணி நேரத்துக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வார்கள், எனவே முன்கூட்டியே பாலை எடுத்து வைத்துக்கொள்ளலாம். சிடிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கர்ப்பத்தில் முதல் செக்கப்பிலேயே அதைக் காட்டினால் தடுப்பு ஊசி தேவையா என்று அப்போதே முடிவெடுப்பார்கள். கருத்தடை மாத்திரை கேட்கப் போகும்போதும் அதைச் சொல்ல வேண்டும், ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை இவர்களுக்கு ஆகாது.