ஹோயா என்னும் மெழுகுக்கொடி

ஹோயா என்பது அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாவரப் பேரினத்தின் பெயர். ஆசியாவின் வெப்பமண்டலக் காடுகள் தொடங்கி ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை பரவியுள்ள இப்பேரினத்தில் 500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல, மரக்கிளைகளைப் பற்றிப் படரும் கொடிகள். இவற்றைப் புதிதாக வளர்க்க விரும்புவோர், தமிழில் இதை எப்படிச் சொல்வது என்றும், எதை முதலில் வாங்குவது என்றும் கேட்கிறார்கள். இரண்டும் தொடர்பற்ற கேள்விகளாகத் தோன்றினாலும், பெயர்களின் பொருளை அறிந்துகொண்டால் இரண்டாவதற்கான விடை பாதி கிடைத்துவிடும்.

ஹோயா என்ற சொல்லுக்கு இலத்தீனத்திலோ கிரேக்கத்திலோ வேர் தேட வேண்டியதில்லை. இலண்டனை அடுத்த சையன் மாளிகையில், நார்தம்பர்லாந்து கோமகனிடம் தலைமைத் தோட்டக்காரராகப் பணியாற்றிய தாமஸ் ஹாய் என்பவரைச் சிறப்பிக்க, ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் இராபர்ட் பிரவுன் 1810-இல் சூட்டிய பெயர் அது. (நீரிலுள்ள நுண்துகள்களின் அசைவைப் பிரவுனியன் இயக்கம் என்கிறோமே, அந்தப் பிரவுன்தான் இவர்.) அதற்குமுன் எருக்கின் உறவான அஸ்கிலிப்பியாஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த கார்னோசா என்னும் கொடி, அதன்பின் ஹோயா கார்னோசா ஆயிற்று.

எருக்கோடுள்ள இந்த உறவை வளர்ப்பவர் தம் கண்ணாலேயே காணலாம். ஹோயாவின் தண்டைக் கிள்ளினால் பெரும்பாலும் வெண்பால் கசியும். காய் முற்றி வெடித்தால் எருக்கின் விதையைப் போலவே பட்டுப் பஞ்சுக் குஞ்சத்தோடு விதைகள் காற்றில் பறக்கும். அரளியிலும் எருக்கிலும் மொய்க்கும் மஞ்சள் நிற அசுவினி, ஹோயாவின் இளந்தளிரையும் விட்டுவைப்பதில்லை. சிறுகுறிஞ்சானும் உத்தாமணியும் இக்கொடிக்குப் பங்காளிகளே.

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். ஹோமம் ஓமம் ஆனதுபோல் ஹோயாவை 'ஓயா' என்று எழுதலாம் என்பது ஒரு கருத்து. ஆனால் 'ஓயா' என்பது தமிழில் ஏற்கெனவே உள்ள ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'ஓயா வளர்ப்பு' என்று எழுதினால், ஓய்வில்லாமல் வளர்ப்பது என்றுதான் எவரும் படிப்பர். ஆள்பெயரிலிருந்து பிறந்த அறிவியல் பெயரை ஹகரத்தோடு அப்படியே வைத்துக்கொண்டு, வழக்குப் பெயரைத் தமிழில் அமைப்பதே தெளிவு.

வழக்குப் பெயராக மெழுகுப்பூ, மெழுகுச்செடி, மெழுகுக்கொடி ஆகிய மூன்றும் பொருந்தக்கூடியவை. மெழுகால் வார்த்ததுபோல் பளபளக்கும் இதழ்களே மூன்றுக்கும் அடிப்படை. இவற்றுள் மெழுகுப்பூ என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பூ வணிகத்தில் இதே பொருள் தரும் ஆங்கிலப் பெயர், ஆஸ்திரேலியப் புதர்ச்செடி ஒன்றுக்கும் மடகாஸ்கர் மல்லிகைக்கும்கூட வழங்குகிறது. தவிர, வாங்கிய ஹோயா பூப்பதற்கு ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகலாம் என்பதால், அதுவரை இல்லாத பூவின் பெயரால் அதை அழைத்துக்கொண்டிருக்க நேரும். மெழுகுச்செடி என்பது படரும் இயல்பைச் சொல்லாமல் விடுகிறது. மெழுகுக்கொடி என்பதே என் தேர்வு. பற்றிப் படர இடம் கொடு என்ற குறிப்பும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

இங்கு இன்னொரு கலைச்சொல்லையும் விளக்க வேண்டும். மரத்தின்மேல் வாழ்ந்தாலும் மரத்தின் சாற்றை உறிஞ்சாத ஹோயாவைத் 'தொற்றுத் தாவரம்' என்பது பாடநூல் வழக்கு; இதைச் சிலர் 'ஒட்டுண்ணி' என்று எழுதுவது பிழை. தொற்றுத் தாவரத்தின் வேர், மரப்பட்டை இடுக்கில் சேரும் மட்கைப் பற்றிக்கொண்டு, மழையில் நனைந்து விரைவில் உலர்ந்துவிடப் பழகியது. ஆகவே தொட்டியில் தோட்டத்து மண்ணை அடைத்து நாள்தோறும் நீரூற்றினால் வேர் அழுகிவிடும். பட்டைத் துண்டுகள், தேங்காய் மட்டைச் சில்லுகள், பெர்லைட் என்னும் இலேசான வெண்கல் பொரி ஆகியவை கலந்த, காற்றோட்டமுள்ள கலவையே ஏற்றது. தொட்டியும் வேர்ப்பந்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும்.

மழையற்ற நாள்களைக் கடக்க இக்கொடி நீரை இலையில் சேமிக்கிறது. எந்த ஹோயா எளிது என்பதற்கான அளவுகோலும் அதுவே: இலை தடிமனானால், நீரூற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும், மெல்லியதானால் ஈரக்காற்றையும் இடைவிடாத கவனிப்பையும் கேட்கும். கார்னோசா என்ற இலத்தீனச் சொல்லின் பொருளே 'சதைப்பற்றுள்ளது' என்பதுதான். முதல் கொடியாக அதையே வாங்கச் சொல்வேன். இலையை இரு விரல்களால் மெல்ல மடக்கிப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்தால் நீர் வேண்டாம், துவண்டு வளைந்தால் ஊற்றலாம். ஆனால் கலவை ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டால் அது தாகமன்று, வேரழுகலின் அறிகுறி.

அடுத்து பியூபிகேலிக்ஸ்: 'மென்மயிர் படர்ந்த புல்லிவட்டம் உடையது' என்று பொருள். பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட இது கார்னோசாவைவிட வேகமாக நீளும். இலையில் வெள்ளி தெளித்தாற்போன்ற புள்ளிகள் இருக்கும். ஆஸ்ட்ராலிஸ் என்றால் 'தெற்கத்தியது'. ஆஸ்திரேலியாவில் வளர்வது என்பதால் நாட்டின் பெயரே அது என்று எண்ணிவிட வேண்டாம். ஒபொவேட்டா 'தலைகீழ் முட்டை வடிவினது', அதன் வட்ட இலைகள் நல்ல தடிமன். இம்மூன்றும் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. லக்குனோசா 'குழிவுகள் உடையது'. இலை சிறிது, நீர்த்தேவை சற்றுக் கூடுதல், ஆயினும் இளமையிலேயே பூத்து மாலையில் மணப்பதால் அதையும் சேர்க்கலாம்.

கேரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சயாமில் (இன்றைய தாய்லாந்து) பணியாற்றிய அயர்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான கெர் என்பவரின் பெயரால், 1911-இல் விவரிக்கப்பட்ட சிற்றினம் இது. இதய வடிவ இலை ஒன்றை மட்டும் சிறு தொட்டியில் நட்டு, காதலர் நாளையொட்டிப் பெருமளவில் விற்கிறார்கள். புதிய தண்டு கணுவிலுள்ள மொட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும். கணுவின்றி வெட்டிய இலை வேர்விட்டு, ஆண்டுக்கணக்கில் பசுமையாக நிற்குமே தவிரக் கொடியாகாது. கேரி வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு கணுக்களேனும் உள்ள தண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்போதும் அது மெல்லவே வளரும்.

லீனியாரிஸ் என்றால் 'கோடு போன்றது'. பெயரே எச்சரிக்கிறது: மெல்லிய இலைகள் தொங்கும் இந்த இமயமலைக் கொடி, குளிர்ந்த ஈரக்காற்றை நாடுவது. 'அழகியது' என்று பொருள்படும் பெல்லாவும் மெல்லிலைக் கொடியே. இரண்டையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். கார்னோசாவின் 'காம்பாக்டா' என்னும் முறுக்கிலை வகை வறட்சியைத் தாங்குமென்றாலும், இலை மடிப்புகளுக்குள் மாவுப்பூச்சி புகுந்துகொண்டால் வெளியேற்றுவது பெரும்பாடு.

எல்லா வகைக்கும் பொதுவானது நேர்வெயிலற்ற நல்ல வெளிச்சம். பூங்கொத்தைத் தாங்கும் காம்பை மஞ்சரிக் காம்பு என்பர். பூ உதிர்ந்தபின் மொட்டையாக நிற்கும் இதை வெட்டக் கூடாது, பெரும்பாலான வகைகள் அடுத்த முறையும் அதே காம்பின் நுனியிலேயே பூக்கும். இலையில்லாமல் நீளும் தண்டையும் காய்ந்ததென்று நறுக்க வேண்டாம்; பற்றுக்கோடு தேடுவது அதன் இயல்பு, இலை பிறகு வரும்.

பெயர்ச்சீட்டு எழுதுகையில் பேரினம், சிற்றினம் இரண்டையும் எழுதி, பயிர்வகைப் பெயரை (தோட்டக்காரர்கள் தெரிந்தெடுத்துப் பெருக்கிய வகையின் பெயரை) மேற்கோள் குறிக்குள் இட வேண்டும்: மெழுகுக்கொடி – ஹோயா கார்னோசா 'கிரிம்சன் குயின்' என்பதுபோல. பயிர்வகைப் பெயரை மொழிபெயர்த்து 'செந்நிற அரசி' என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால், இலையோரம் வெளுத்த குயினையும் இலைநடு வெளுத்த 'கிரிம்சன் பிரின்சஸ்' வகையையும் விற்பவர்களே மாற்றிச் சொல்லும் நிலையில், அது குழப்பத்தைக் கூட்டவே செய்யும்.