பழைய டிராக்டர் புல்லிங்: பெயின்ட்டைப் பாத்து ஸ்டாக்னு நம்பாதீங்க

பழைய டிராக்டர் எஞ்சின் ரீபோர் பண்றதுதான் (சிலிண்டரைக் கடைஞ்சு சரி பண்றது) நம்ம தொழில், அமெரிக்காவுல ஓஹையோ பக்கம். சீசன்ல கவுன்டி ஃபேர்ல (மாவட்டத் திருவிழா மாதிரி) நடக்கற டிராக்டர் புல்லிங் போட்டிக்கு வண்டி செக் பண்ணவும் கூப்பிடுவாங்க. தெரியாதவங்களுக்கு: டிராக்டர் பின்னாடி ஸ்லெட்னு ஒரு பாரவண்டியை மாட்டி இழுக்கணும், போகப் போக ஸ்லெட் மேல இருக்கற எடைப்பெட்டி முன்னாடி நகர்ந்து பாரம் ஏறிக்கிட்டே வரும், 300 அடி தாண்டிட்டா ஃபுல் புல். ஆன்டிக் ஸ்டாக்னா 1950கள் வரைக்கும் வந்த வண்டி, கம்பெனி குடுத்த மாதிரியே இருக்கணும்.

ஆனா ஃபார்மால் எம்-ங்கற டிராக்டர் மாடலை எடுத்துக்கோங்க, 1939ல இருந்து 1952 வரைக்கும் வந்தது, போர் (சிலிண்டர் விட்டம்) 3.875 இன்ச், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலகீழ போற தூரம்) 5.25, நாலு சிலிண்டரும் சேர்ந்து கொள்ளளவு மொத்தம் 248 கியூபிக் இன்ச். அதுல 4 இன்ச் ஸ்லீவும் (சிலிண்டர் உள்ள போடற குழாய்) பிஸ்டனும் ஏத்திட்டா 264, அதாவது அடுத்து வந்த சூப்பர் எம் அளவு. வெளிய ஒரு நட்டு போல்ட்டு கூட மாறாது! இதுல எல்லாரையும் திருடன்னு சொல்லவும் முடியாது, அந்தக் காலத்துலயே ஓவர்ஹால் பண்றப்ப பெரிய பிஸ்டன் போட்டு உழுதவங்க இருக்காங்க, இன்னிக்கு வண்டிய வாங்கினவருக்கே உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதனால ரூல்ல "ஸ்டாக்"னு மட்டும் எழுதாம எத்தனை கியூபிக் இன்ச் வரைக்கும் ஓகேன்னு நம்பரா போடுங்க. எஞ்சின் மேல்மூடியான ஹெட்டைக் கழட்டவே வேணாம், ஸ்பார்க் பிளக் ஓட்டையில மாட்டி எஞ்சினை சுத்தவிட்டா சிலிண்டர் கொள்ளளவைக் காட்டற மீட்டர் இருக்கு.

எனக்கு இதைவிட பயம் ஆர்பிஎம்தான், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கறது. எம்-க்கு கம்பெனி சொன்னது 1450, ஜான் டீர் ஏ-ங்கற இன்னொரு பழைய டிராக்டருக்கு வெறும் 975. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னரை முறுக்கி எம்-ஐ 2500ல ஓட்டறாங்கன்னா எஞ்சினோட சுத்தற கனமான ஃப்ளைவீல் சக்கரம் மேல வர்ற விசை கிட்டத்தட்ட மூணு மடங்கு, ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதுவும் எழுபது எண்பது வருஷத்து வார்ப்பிரும்பு, எங்க விரிசல் இருக்குன்னு யாருக்குத் தெரியும், வெடிச்சா ஓட்டறவர் காலுக்குப் பக்கத்துலதான் வெடிக்கும்.

அதான் நான் எந்த கிளப்புல கேட்டாலும் டிராக்ல வண்டி போற வேகத்துக்கு லிமிட் வைங்கன்னு சொல்றது. கணக்கு சிம்பிள்: இழுவை பவுண்டை மணிக்கு எத்தனை மைல்ங்கறதால பெருக்கி 375ஆல வகுத்தா ஹெச்பி. 3000 பவுண்டை 3 மைல் வேகத்துல இழுக்க 24 ஹெச்பி போதும், ஒரிஜினல் எம் எஞ்சினே குடுத்துரும். 6 மைல்ல இழுக்கணும்னா 48 வேணும். வேகத்தைக் கட்டிட்டா எஞ்சின்ல காசு கொட்டறதுக்கு பெருசா அர்த்தமே இல்ல, எடையை எங்க வைக்கறது, டயர்ல எவ்ளோ காத்துங்கற கைவேலைதான் ஜெயிக்கும்.

டிராபார், அதாவது பின்னாடி ஸ்லெட்டை மாட்டற கம்பியோட உயரம், நிறைய இடத்துல 20 இன்ச்தான் லிமிட். ஏத்தி மாட்டினா பின்சக்கரத்துல பாரம் கூடி பிடிப்பு நல்லா வரும், ஆனா முன்பக்கம் தூக்கிரும். டயர்ல காத்தைக் குறைச்சு டிராபாரைத் தாழ்த்திட்டு வந்து அளவு காட்டி, அப்புறம் போய் காத்து அடிச்சுக்கறது பழைய ட்ரிக். அதனால முன்னாடி அளந்தா மட்டும் பத்தாது, முதல் மூணு இடத்துல வர்ற வண்டிங்க டிராக்ல இருந்து நேரா எடைமேடைக்கு வரணும், நடுவுல டிரெய்லர் பக்கம் ஒதுங்கக்கூடாது, அங்க எடை, டிராபார் ரெண்டையும் மறுபடி பாக்கணும். கமிட்டி தலைவரோட மச்சான் வண்டியா இருந்தாலும்தான்.