டாங்கி என்றால் தொட்டியா?

"எல்லையில் டாங்கிகள் குவிப்பு" என்று செய்தியில் படித்தால் நீண்ட குழலோடு ஓர் இரும்பு வண்டி கண்முன் வருகிறது. "டேங்க் நிரம்பி வழியுது, மோட்டாரை நிறுத்து" என்று மாடியிலிருந்து யாராவது கத்தினால் போர் ஞாபகம் யாருக்கும் வருவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல். தண்ணீர்த் தொட்டிக்கும் போர் வண்டிக்கும் என்ன உறவு என்று கேட்டால், ஓர் உறவும் கிடையாது. பகைவனை ஏமாற்றச் சொன்ன பொய் அப்படியே பெயராக நின்றுவிட்டது.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டு முடிவதற்குள், சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வட கடல்வரை இரு தரப்பும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டன. நடுவே முள்கம்பி, எதிரே இயந்திரத் துப்பாக்கி. குழியை விட்டு எழுந்து ஓடியவன் திரும்பவில்லை. துப்பாக்கிக் குண்டைத் தாங்க வேண்டும், முள்கம்பியை நசுக்க வேண்டும், குழியைத் தாண்ட வேண்டும், சேற்றில் புதையக் கூடாது. இத்தனையும் செய்யும் வண்டி ஒன்று தேவைப்பட்டது.

சேற்றுக்கான விடை ஏற்கெனவே வயலில் ஓடிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊரைச் சுற்றியுள்ள கழிமுக நிலம் சதுப்பு. கனமான டிராக்டர் இறங்கினால் சக்கரம் புதைந்துபோகும். பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904இல் சக்கரத்துக்குப் பதிலாகச் சுற்றிவரும் பட்டையை மாட்டிப் பார்த்தார். எடை பரவியது, வண்டி புதையவில்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கம் ஈர வயலில் டயர் வண்டி இறங்காதபோது "பெல்ட் வண்டி வரச்சொல்லு" என்று அறுவடை இயந்திரம் தேடுகிறார்களே, அதே தத்துவம்தான். அந்த ஹோல்ட் டிராக்டர்கள் போரில் பீரங்கி இழுக்கப் போயின. இதையே கவசமிட்டு முன்னால் அனுப்பினால் என்ன என்று பிரிட்டிஷ் அதிகாரி எர்னஸ்ட் ஸ்விண்டன் யோசித்தார்.

தரைப்படைத் தலைமை பெரிதாக மசியவில்லை. அப்போது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில்தான் 1915 பிப்ரவரியில் இதற்கென ஒரு குழு அமைத்தார். கடற்படை ஆட்கள் ஆயிற்றே, குழுவுக்கு வைத்த பெயர் 'நிலக்கப்பல் குழு'. அந்த வண்டியின் உடலுக்கும் மேல்மூடிக்கும் சுழல் கோபுரத்துக்கும் ஆங்கிலத்தில் இன்றுவரை கப்பல் சொற்களே வழங்குவது இதனால்தான்.

வண்டி உருவானது லிங்கன் நகரில், வேளாண் கருவிகள் செய்துவந்த ஒரு தொழிற்சாலையில். நிலக்கப்பல் என்று காகிதத்தில் எழுதினால் ஒற்றனுக்கு உடனே விளங்கிவிடும். பார்ப்பதற்குப் பெரிய இரும்புக் கொப்பரை மாதிரி இருந்ததால், மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று கதை கட்டினார்கள். அதற்கான ஆங்கிலப் பெயரான 'வாட்டர் கேரியர்' என்பதைச் சுருக்கினால் 'டபிள்யூ.சி.' என்று வரும், அதாவது கழிப்பறை! குழுவின் பலகையில் அதை எழுத யாருக்கு மனம் வரும்? எனவே 1915 டிசம்பரில் தொட்டி என்ற பொருளில் 'டேங்க்' என்று வைத்தார்கள். சில வண்டிகளின் மேல் ரஷ்ய எழுத்தில் 'கவனம், பெத்ரோகிராடுக்கு' என்று எழுதி ரஷ்யாவுக்குப் போகும் சரக்கு போலவும் காட்டினார்கள்.

1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சின் சோம் பகுதியில் ஃபிளெர் கிராமத்துப் பக்கம் அவை முதன்முறையாகப் போருக்குப் போயின. 28 டன் எடை, உள்ளே 8 பேர், வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். நாம் வேகமாக நடந்தால் அதை முந்திவிடலாம். எஞ்சின் ஆட்களுக்கு நடுவிலேயே, தடுப்புச் சுவர் இல்லாமல் இருந்தது. வெப்பம் 50 டிகிரியைத் தொடும், புகை மூச்சை அடைக்கும். வண்டியைத் திருப்ப நாலு பேர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் ஓட்டுநர் எஞ்சின் மூடியைச் சுத்தியலால் தட்டி, விரலைக் காட்டி, பின்னால் இருப்பவனுக்குக் கியர் மாற்றச் சொல்வார். வெளியே குண்டு பட்டால் உட்புறத்திலிருந்து இரும்புச் சில் தெறிக்கும். அதற்காக முகத்தில் சங்கிலிவலை தொங்கும் முகமூடி. செய்தி அனுப்பப் புறா! அன்றைக்குப் பல வண்டிகள் வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டன. 1917 நவம்பரில் காம்ப்ரே போரில் 400க்கும் மேற்பட்டவை ஒன்றாக இறங்கியபோதுதான் இதன் பலம் புரிந்தது. அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த 'டேங்க்' என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனது என்று ஒரு கருத்து உண்டு. குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தொட்டிக்கு இதையொத்த சொற்கள் இருக்கின்றன. போர்த்துகீசிய 'டாங்க்கே'தான் மூலம் என்பாரும் உண்டு, இரண்டும் கலந்தது என்பாரும் உண்டு. எப்படியோ, ஆங்கிலேயர் நம் ஏரி, குளம், தெப்பக்குளம் எல்லாவற்றையும் 'டேங்க்' என்றே எழுதிவைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் ஏரி போய்விட்டது, 'டேங்க் பண்ட் ரோடு' மட்டும் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொய்ப்பெயரை மொழிபெயர்த்தால் 'போர்த்தொட்டி' என்றாகும், சிரிப்புதான் வரும். மற்ற மொழிக்காரர்கள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஜெர்மானியர் கவசத்தைப் பார்த்து 'பான்சர்' என்றார்கள். போலந்துக்காரர் அது ஊர்வதைப் பார்த்து 'ச்சோவ்க்' என்றார்கள். அரபியில் 'தப்பாபா', அதுவும் ஊர்வதுதான். பழங்காலத்தில் கோட்டைச் சுவரை நோக்கி மறைவாக நகர்த்திப்போன முற்றுகைப் பொறிக்கு இருந்த பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானியர் 'போர்த்தேர்' என்ற பொருளில் 'சென்ஷா' என்கிறார்கள்.

நம்மிடம் 'கவச வண்டி' இருக்கிறது. ஆனால் படைவீரரை வெறுமனே ஏற்றிச்செல்லும் வண்டியும் கவச வண்டிதானே. 'பீரங்கி வண்டி' என்றால், பின்னால் தள்ளி நின்று சுடும், தானே நகர்ந்து செல்லும் பீரங்கியோடு குழம்பும். போதாக்குறைக்கு, பீரங்கியே 'ஃபிரங்கி' என்ற பாரசீகச் சொல்வழி வந்தது, பறங்கிமலையின் பறங்கிக்கு உடன்பிறப்பு. தனித்தமிழ் என்று நினைத்து அதைப் பிடித்துக்கொள்பவர்கள் கவனிக்க. 'தகர்' என்ற வினையிலிருந்து 'தகரி' என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான ஆக்கம்தான், ஆனால் எனக்கு முதலில் தகர டப்பாதான் ஞாபகம் வருகிறது.

இலங்கைத் தமிழர்கள் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். அங்கே தண்ணீர் டேங்க் 'தண்ணீர்த் தாங்கி', போர் டேங்க் 'யுத்த தாங்கி'. ஒலி டாங்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பொருளோ தமிழ் 'தாங்கு'வில் வேர்கொள்கிறது. சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் இது உறுத்தாமல் உட்காருகிறது. தண்ணீரைத் தாங்குவதும் தாங்கி, அடியைத் தாங்குவதும் தாங்கி. பேச்சில் டாங்கி இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் 'போர்த்தாங்கி' என்பதுதான் என் தேர்வு. 'தாங்கி எதிர்ப்பு ஏவுகணை' என்று தொடராக்கினாலும் இடறவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. விமானந்தாங்கிக் கப்பலைப் பார்த்து, போர்த்தாங்கிகளை ஏற்றிப்போகும் கப்பலுக்குத் 'தாங்கிதாங்கிக் கப்பல்' என்று யாரும் பெயர் வைத்துவிடாதீர்கள்.