ஹொட்ஸ்பொட் எண்டா என்ன, தமிழில அதுக்குப் பேர் "பகிரலை"

ஒரு போன்ல இருக்கிற டேட்டாவ பக்கத்தில இருக்கிற இன்னொரு போனுக்கோ லப்டொப்புக்கோ வயர் இல்லாமல் குடுக்கிறதுதான் ஹொட்ஸ்பொட். ரவர்ல இருந்து வாற 4ஜி சிக்னல போன் வாங்கி, அதை வைஃபையா மாத்தி சுத்திவர விடுது. பாக்க சின்ன வேலைதான், ஆனா அந்தரத்துக்கு வன்னியில இதைப்போல உதவின ஒண்டு இல்லை. 2020 மார்ச் 20 கொரோனாவால இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டாங்கள், பிறகு 2022இல கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் நிண்டது, பெற்றோல் இல்லையெண்டு ஜூன் மாதம் அரசாங்க வேலைக்காரரயே வீட்டில இருந்து செய்யச் சொன்னவை. கரண்ட் போனா வீட்டு ரவுட்டர் செத்துப்போகும், போனுக்கும் லப்டொப்புக்கும் பற்றரி இருக்கிறபடியா ரவர் உசிரோட நிக்கிற வரைக்கும் வேலை ஓடும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டுக்குள்ள சிக்னல் ஒரு கோடுதான், அதால போன சொப்பிங் பையில போட்டு வேப்பமரக் கொப்பில கட்டிவிட்டு, ஹோலுக்குள்ள இருந்து லப்டொப்பில கூட்டத்துக்குப் போவினம். அப்பிடிச் செய்யேக்க ஹொட்ஸ்பொட்ட 2.4 கிகாஹேர்ட்ஸ்ல வையுங்கோ, 5 கிகாஹேர்ட்ஸ் வேகம்தான், ஆனா சுவர் தாண்டிக் கனதூரம் வராது. வீடியோவ நிப்பாட்டிக் குரல மட்டும் விட்டா டேட்டா நிறைய மிஞ்சும், பாஸ்வேர்டும் கட்டாயம் போடுங்கோ.

இனி சொல்லுக்கு வருவம். இங்கிலீஸ்ல ஹொட் எண்டா சூடு, ஸ்பொட் எண்டா இடம். வைஃபைக்கு முந்தியே இருந்த சொல்லு, 1963இல ரூசோ வில்சன் எண்ட புவிப்பௌதிகவியலாளர் ஹவாய் எரிமலையள் உருவான விதத்த விளக்கேக்க பூமிக்கு அடியில சூடான இடம் எண்ட கருத்தச் சொன்னவர், அதுக்கும் இதே பேர்தான். கொரோனா நேரம் தொற்றுக் கூடின ஊருக்கும் ஹொட்ஸ்பொட் எண்டவை. வெப்பப்புள்ளி எண்டு அப்பிடியே தமிழாக்கினா எரிமலைக்குச் சரி, போனுக்கு ஒண்டும் விளங்காது, போன்ல நடக்கிறது பகிர்வுதானே.

அதால பகிரலை எண்ட சொல்லுதான் எனக்குச் சரியாப் படுது. பகிர், அலை, ரெண்டும் சேந்தது. வைஃபைக்கு அருகலை எண்டு சொல்லினம், அதோட சோடியாவும் நிக்குது. இந்தியாவில பேச்சில "பகிரலை" எண்டா பகிரவில்லை எண்டும் கேக்கும், அது அங்க ஒரு குழப்பம்தான். நாங்கள் "பகிரேல்லை" எண்டுதானே சொல்லுறம், எங்கட வாயில ரெண்டும் வேற வேறயாத்தான் வரும், அதால வன்னியில இந்தச் சொல்லப் பாவிக்க ஒரு தடையும் இல்லை.

இன்னொண்டு, கேபிளால போனையும் லப்டொப்பையும் இணைச்சு டேட்டா எடுக்கிறதுக்கு யூஎஸ்பி டெதரிங் எண்டு போன்ல கிடக்கும். டெதர் எண்டா மாட்ட மேய விட்டுக் கட்டிவைக்கிற கயிறு. அதுக்கு இணைப்புப் பகிர்வு எண்டா போதும். லப்டொப்பில இருந்து போனுக்குச் சாச்சும் ஏறும், கரண்ட் இல்லாத நாளில போன்தான் முதல்ல சாகப்போகுது எண்டா பகிரலைய விட்டிட்டு இதைப் பாவியுங்கோ.