இன்னும் ஒரு வருஷம் என்று சொல்வதற்கு முன்

நீட் முடிவு வந்த கையோடு என் ஓ.பி.யில் கூட்டம் மாறிவிடும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வருவார்கள். கூடவே அப்பா, அம்மா, சில சமயம் செலவுக்குக் கைகொடுத்த மாமா. மனநல மருத்துவரிடம் வந்திருப்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்பதால் கடைசி டோக்கனாகக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று பேச்சு தொடங்கும். ஐந்து நிமிடத்தில் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்: "இன்னும் ஒரு வருஷம் பார்த்துடலாம்னு இருக்கோம் டாக்டர். அதுக்கு ஏத்த மாதிரி மூளைக்கு ஏதாவது மாத்திரை கொடுங்க."

போன வாரம் வந்த பெண் மூன்று முறை எழுதிவிட்டாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். எந்தப் பாடம் இழுக்கிறது என்று அவளைக் கேட்டேன், அப்பா "பிசிக்ஸ்" என்றார். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று கேட்டேன், அம்மா சொன்னார். அவள் கட்டைவிரல் நகத்தோரச் சதையை உரித்துக்கொண்டே இருந்தாள், ரத்தம் கசிந்ததுகூடத் தெரியவில்லை. பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். "அப்பா கோச்சிங் சென்டர்ல பணம் கட்டிட்டார் சார். ரிசல்ட் வந்த மறுநாளே."

இப்படி எத்தனை பேரைப் பார்ப்பது? ஒரு பிள்ளையின் ஒரு முழு ஆண்டை, வீடே அழுதுகொண்டிருக்கும் அந்த ஒரு வாரத்தில் முடிவு செய்யாதீர்கள். "இன்றைக்கே சேர்ந்தால் கட்டணத்தில் சலுகை" என்று போன் வரும். வரட்டும். பத்து நாள் தள்ளிச் சேர்ந்ததால் எந்தப் பிள்ளையும் சீட்டை இழந்ததில்லை.

எனக்கு அதிக எரிச்சல் தரும் வாக்கியம் இன்னொன்று: "முப்பது மார்க்கில் போயிடுச்சு டாக்டர், அடுத்த வருஷம் அந்த முப்பதைப் பிடிச்சிட்டா சீட்டுதான்." இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வீடுகளில் இந்தக் கணக்கை நம்பித்தான் கடன் வாங்குகிறார்கள். நீட்டில் மார்க்குக்குத் தனி மதிப்பே கிடையாது. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. 2024இல் 720க்கு 720 வாங்கியவர்கள் திருத்தப்பட்ட பட்டியலிலேயே 17 பேர். 2025இல் முதலிடம் வாங்கியவருக்கே 686தான். 2024இல் 600ஐத் தாண்டியவர்கள் எண்பதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். 2025இல் அதே 600ஐத் தாண்டியவர்கள் ஆயிரத்து முந்நூறு பேர்தான். அதாவது 2024இல் 600 வாங்கிவிட்டுச் சீட்டில்லாமல் அழுத பிள்ளை, 2025இல் 570 வாங்கி நல்ல கல்லூரியில் சேர்ந்திருக்க முடியும். முப்பது மார்க் குறைந்து, சீட்டு கிடைத்திருக்கும்! தேர்வுத்தாளின் கடினம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது போன வருடக் கட்-ஆஃபைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு படிப்பதில் என்ன அர்த்தம்? ராங்க்கைப் பாருங்கள். அகில இந்திய ராங்க், மாநிலத் தரவரிசை, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் போன ஆண்டு கடைசிச் சீட்டு எந்த ராங்க்கில் முடிந்தது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் பேசலாம்.

இதோடு ஒட்டியதுதான் "நீட் பாஸ்" என்ற மயக்கம். 2025இல் சுமார் 22 லட்சம் பேர் எழுதி, 12 லட்சத்துக்கு மேல் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க உள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறக்குறைய 1.2 லட்சம், அதிலும் கணிசமானவை உங்கள் கைக்கு எட்டாத கட்டணத்தில் இருப்பவை. தகுதி மதிப்பெண் என்பது வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு "தொட்டுவிடும் தூரம்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

சரி, அப்படியானால் யார்தான் திரும்ப எழுதலாம்? பயிற்சியே இல்லாமல் பிளஸ் டூவோடு முதல்முறை எழுதிய பிள்ளை, தன் பிரிவின் கடைசி ராங்க்குக்குப் பக்கத்தில் வந்திருந்தால், தாராளமாக எழுதட்டும். தேர்வு சமயத்தில் டைபாய்டு வந்தது, வீட்டில் துக்கம் நடந்தது என்றாலும் ஒரு வருடம் கொடுக்கலாம். நானே பலரிடம் "போய் எழுது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் முறை என்றால் ஒரே ஒரு கேள்வி: முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் ராங்க் எவ்வளவு நகர்ந்தது? கோச்சிங் சென்டரின் மாக் டெஸ்ட் மார்க்கைக் காட்டாதீர்கள், உண்மைத் தேர்வின் ராங்க்கைக் காட்டுங்கள். ஒரு முழு ஆண்டு அதையே படித்தும் பெரிதாக நகரவில்லை என்றால், அதே அறையில் அதே நோட்ஸை மறுபடி படிப்பதால் என்ன மாறிவிடும்?

"இப்போ விட்டா அவ்வளவுதான் டாக்டர்" என்பார்கள். யார் சொன்னது? சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதிகபட்ச வயது வரம்பை 2022லேயே எடுத்துவிட்டார்கள். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. கல்லூரியில் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டு அங்கிருந்தே எழுதலாம், பட்டம் வாங்கிவிட்டும் எழுதலாம். கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கிறார்கள், வேளாண்மைக்கும் அப்படியே. அந்த விண்ணப்பங்களை மே, ஜூனிலேயே போட்டு வையுங்கள். "வேறு எதுக்கும் அப்ளை பண்ணினா கவனம் சிதறிடும்" என்று தடுக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கையில் ஒரு இடம் இருக்கும் பிள்ளை எழுதும் தேர்வும், ஒன்றுமே இல்லாமல் நிற்கும் பிள்ளை எழுதும் தேர்வும் ஒன்றில்லை. கல்லூரியில் சேர்வதற்கு முன், இடையில் விலகினால் சான்றிதழ்களை எப்போது திருப்பித் தருவார்கள் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு நடப்பதையும் நான் பார்ப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எம்.பி.பி.எஸ். இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள்தான். அப்புறம் மேற்படிப்புக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு. மூன்று நான்கு வருடம் தன்னைத் தானே பிழிந்துகொண்டு உள்ளே நுழைந்த சில பிள்ளைகள், முதலாண்டு அனாட்டமியிலேயே துவண்டுபோய் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

இன்னொரு பக்கம், கிடைக்க வேண்டிய சீட்டை விண்ணப்பிக்காமலே விட்டவர்கள். நீட் எழுதினால் போதும், கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். கூப்பிட மாட்டார்கள். அகில இந்திய 15 சதவீத இடங்களுக்குத் தனியாக, மாநில இடங்களுக்குத் தேர்வுக் குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும்தான். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளே, உங்களைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்: 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உங்களுக்குத் தனித் தரவரிசை, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. "என் மார்க்குக்கு எங்கே" என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். தகுதி மதிப்பெண் வந்திருந்தால் விண்ணப்பம் போடுங்கள். பள்ளிச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் தேர்வு முடிந்த மே மாதமே கையில் இருக்கட்டும். இனிஷியல் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருந்தால் அப்போதே திருத்துங்கள். கவுன்சலிங்கில் எந்தச் சுற்று வரை அபராதமில்லாமல் விலகலாம் என்பது விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும், சீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றி ஒரே வார்த்தை: படித்துத் திரும்பினால் இங்கே ஒரு தேர்வு இருக்கிறது, 300க்கு 150 வேண்டும், எழுதுகிறவர்களில் தேறாதவர்களே அதிகம். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

திரும்ப எழுதுவது என்றே முடிவானால், சேர்க்கும் முன் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து "உனக்கு வேண்டுமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் இடத்தைக் கொடுத்துக் கேளுங்கள். இதுதான் கடைசி முறை என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள், அடுத்த ஜூனில் அதை மாற்றாதீர்கள். செலவழித்த பணத்தைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கணக்குப் போடாதீர்கள். ஏழு மணி நேரத் தூக்கத்தில் பேரமில்லை. தூக்கம் வராமல் படிக்க மாத்திரை கேட்டு என்னிடம் வராதீர்கள், மெடிக்கல் ஷாப்பிலும் வாங்காதீர்கள்.

டெஸ்ட் நாளில் வாந்தி, கை நடுக்கம், குளிக்காமல் கிடப்பது, நண்பர்களின் போனை எடுக்காமல் இருப்பது, இவையெல்லாம் சோம்பல் இல்லை. "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் படிப்பைப் பற்றிப் பேசுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, ஏற்கெனவே இருந்தால் வெளியே வரும். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே அழைத்து வாருங்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவானாலும் சரி. ராத்திரி நேரமானால் அரசு உதவி எண்களான 104க்கோ 14416க்கோ போன் செய்யுங்கள், இரண்டிலும் எந்த நேரமும் பேச ஆள் உண்டு, தமிழிலேயே பேசுவார்கள்.