ஜோனிங்: நிலத்துக்கு வேலை வகுக்கும் சொல்

சென்னைப் புறநகரில் மனை வாங்கப் போகிறவரிடம் தரகர் தயக்கமே இல்லாமல் சொல்லும் சொல் 'ரெசிடென்ஷியல் ஜோன்'. கேட்பவரும் தலையசைத்துவிடுகிறார். ஆயுள் சேமிப்பு முழுவதையும் அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் அவர் போடுகிறார். ஜோன் என்றால் என்ன, அதை வரைந்தது யார், தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று விசாரிப்பவர்கள் குறைவு. விசாரிக்க வேண்டிய சொல் அது.

ஒரு நகரின் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எங்கே பூங்கா, எவ்வளவு உயரம், தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி என்று சட்டத்தின் மூலம் விதிப்பதுதான் ஜோனிங். நிலம் யாருடையது என்ற கேள்விக்குள் அது போவதில்லை. உரிமையாளர் அதில் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம். பட்டாவில் நன்செய், புன்செய் என்று இருப்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. நகரின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா என்று தீட்டப்பட்டிருப்பது நகரமைப்புத் துறையின் வகைப்பாடு. இரண்டும் தனித்தனி ஏடுகள். பட்டா கையில் இருக்கிறது என்பதற்காக அந்த நிலத்தில் வீடு கட்டலாம் என்று ஆகிவிடாது.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ஸோனே' என்றால் இடுப்பில் கட்டும் கச்சை. பூமியை வெப்பம் ஒன்று, மிதம் இரண்டு, குளிர் இரண்டு என்று ஐந்து பட்டைகளாகப் பிரித்துப் பார்த்த பழைய அறிஞர்கள் அந்தப் பட்டைகளுக்கும் இதே பெயரை வைத்தார்கள். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பெரும்பாலும் புவியியல் சொல்லாகவே இருந்தது. நகரத் திட்டத்துக்குள் அதை அழுத்தமாகக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மானியர்கள். 1891இல் பிராங்க்பர்ட் நகரம், மேயர் பிரான்ஸ் ஆடிக்கஸ் காலத்தில், உள்நகருக்கு ஒரு கட்டட விதியும் வெளிநகருக்கு வேறு விதியும் வகுத்தது. பழைய ஊரைச் சுற்றிப் புதிய ஊர் வளர்ந்த அந்த அமைப்புக்குக் கச்சை என்ற பொருள் இயல்பாகப் பொருந்தியது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே சொல் பரவுவதற்கு முன்பே செயல் வந்துவிட்டது. கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் 1885இல் சலவைக் கடைகள் ஊரின் ஒரு பகுதிக்குள் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்தத் தொழிலைச் செய்துவந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். 1910இல் பால்டிமோர் இன்னும் வெளிப்படையாக, எந்தத் தெருவில் கறுப்பர் வசிக்கலாம், எந்தத் தெருவில் வெள்ளையர் வசிக்கலாம் என்றே சட்டம் போட்டது. லூயிவில் நகரின் இதே போன்ற சட்டத்தை 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் இனத்தின் பெயரைச் சொல்லாமலே, பெரிய மனை, ஒரு மனைக்கு ஒரே குடும்பம் என்ற நிபந்தனைகளால் ஏழைகளை வெளியே நிறுத்தும் வழி திறந்தேதான் இருந்தது. ஜோனிங்கின் வரலாற்றில் இந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிட்டுப் பொருள் சொல்வது நேர்மையாகாது.

நியூயார்க் 1916இல் கொண்டுவந்த விதித் தொகுப்புதான் அமெரிக்காவில் நகரம் முழுவதையும் ஒரே சட்டத்தில் அடக்கிய முதல் பெரிய முயற்சி. 1915இல் பிராட்வேயில் கட்டி முடிக்கப்பட்ட ஈக்விட்டபிள் கட்டடம் ஏறக்குறைய 40 தளங்களுடன் தெருவோரத்திலிருந்தே செங்குத்தாக எழுந்து, சுற்றியிருந்த தெருக்களின் வெயிலை மறைத்தது. ஐந்தாம் அவென்யூ கடைக்காரர்களுக்கு வேறொரு கவலை. துணி தைக்கும் தொழிற்கூடங்கள் தங்கள் தெருவை நெருங்கி வந்துகொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்து சட்டம் ஆயின. நிலம் குடியிருப்பு, வணிகம், கட்டுப்பாடற்றது என்று மூன்றாகப் பிரிந்தது. கட்டடங்கள் உயர உயரப் படிப்படியாகப் பின்வாங்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. அந்தக் காலத்து நியூயார்க் கட்டடங்கள் மேலே போகப் போகப் படிபோல் குறுகுவதற்கு இதுவே காரணம்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1926இல், ஓஹியோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜோனிங் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தொந்தரவு என்பது சில சமயம் சரியான பொருள் தவறான இடத்தில் இருப்பதுதான், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருப்பதைப் போல என்று நீதிபதி சதர்லேண்ட் எழுதினார். இந்த ஊரின் பெயரால்தான் பயன்களைக் கறாராகப் பிரிக்கும் முறைக்கு 'யூக்ளிடிய ஜோனிங்' என்ற பெயர் வந்தது. வடிவியல் அறிஞர் யூக்ளிடின் பெயரைக் கொண்டு, வடிவியல் சதுரங்களோடு தொடர்புபடுத்தி விளக்குவது பிழை.

நிலத்துக்குப் பயன் வகுக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் மருவூர்ப்பாக்கம் ஒருபுறம், பட்டினப்பாக்கம் மறுபுறம், இடையே மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி என்ற பகல் சந்தை. மருவூர்ப்பாக்கத்தில் பரதவரும் நெய்பவரும் யவனரும், பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் அந்தணர் இருக்கையும். 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைத் தனித்தனியே சொல்லி வரியிலிருந்து நீக்குகின்றன. பொதுவிடங்களை இவ்வளவு நுணுக்கமாகப் பெயரிட்டது நாம் பெருமைப்பட வேண்டியது. அதே பட்டியலில் சேரி தனியாக நிற்பது நாம் மறக்கக் கூடாதது. மனிதர்களைப் பிரித்துக் குடிவைக்க நிலத்தைப் பயன்படுத்தியதில் பால்டிமோருக்கு நாம் இளைத்தவர்கள் இல்லை.

தமிழ்நாட்டில் இன்றைய முறைக்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகர்ப் பகுதியின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, வேளாண்மை எனப் பல வகைகள் அதில் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பூங்கா போன்ற பொதுப் பயனுக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. குடியிருப்பவர்கள் தங்கள் மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்து, அந்த இடம் இப்போது என்னவாக இருக்கிறது என்று போய்ப் பார்ப்பது நல்லது.

பயன்களைக் கறாராகப் பிரித்தால் போக்குவரத்து பெருகும். கடை ஓரிடம், வீடு வேறிடம், வேலை மூன்றாவது இடம் என்றால் பால் பாக்கெட் வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும். அமெரிக்கப் புறநகர்கள் அப்படித்தான் கார்களை நம்பி வாழ்கின்றன. ஜப்பானில் மிகக் கட்டுப்பாடான தாழ்மாடிக் குடியிருப்புப் பகுதியில்கூட வீட்டோடு சேர்ந்த 50 சதுர மீட்டர் வரையிலான சிறு கடைக்கு இடம் உண்டு. நம் ஊர்த் தெருக்களும் இயல்பில் அப்படிப்பட்டவையே. முன்கட்டில் மளிகைக் கடை, பக்கத்துத் திண்ணையில் தையல் இயந்திரம், மாலையில் மாவு விற்கும் அம்மா. இவற்றை விதிமீறல் என்று பார்க்கும் திட்டம் நடந்தே முடிகிற காரியங்களை வண்டியில் ஏற்றிவிடுகிறது.

இனித் தமிழ்ச் சொல். பாடநூல்களும் அரசாணைகளும் ஜோனுக்கு 'மண்டலம்' என்கின்றன. வட்டம், பெரும் நாட்டுப் பகுதி என்று அதற்குப் பொருள். தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்று வழங்கியதைப் பார்த்தாலே அதன் அளவு புரியும். சிறப்புப் பொருளாதார மண்டலம் வரை அந்தச் சொல் தாங்குகிறது. நகருக்குள் வந்தால் குழப்பம். 2011 விரிவாக்கத்துக்குப் பின் சென்னை மாநகராட்சி 15 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அது நிர்வாகப் பிரிவு. "உங்கள் வீடு எந்த மண்டலம்?" என்று கேட்டால் அடையாறு என்று சொல்வதா, குடியிருப்பு என்று சொல்வதா?

'வலயம்' இதைவிடப் பொருத்தம். வளையம், கைவளை, வட்டம் என்று அது சுட்டும் பொருள்கள் கச்சைக்கு நெருக்கமானவை. இலங்கைத் தமிழில் வலயக் கல்வி அலுவலகம், சுதந்திர வர்த்தக வலயம் என்று நெடுநாளாகப் புழங்குகிறது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் நிலம் இழந்த வடபகுதி மக்களுக்கு அந்தச் சொல் வலியையும் தருகிறது என்பது உண்மை. தமிழ்நாட்டு நகராட்சி வழக்கில் அது வேறு வேலைக்கு எடுக்கப்படாமல் இருப்பதால் இங்கே பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. ஆகவே ஜோனுக்கு 'நிலப்பயன் வலயம்'. வரைபடத்தில் இருக்கும் பகுதி அது. ஜோனிங் என்ற செயலுக்கு 'நிலப்பயன் வகுத்தல்'. பகுத்தல் பிரிப்பதோடு நின்றுவிடும். வகுத்தலில் விதிப்பதும் சேர்ந்திருக்கிறது. பல பயன்கள் சேர்ந்தால் 'கலப்புப் பயன் வலயம்'. ஒரு நிலத்தை ஒரு வகையிலிருந்து வேறு வகைக்கு மாற்றும் வகைமாற்றத்துக்கு 'நிலப்பயன் மாற்றம்' போதும். 'உபயோகம்' இன்னும் அலுவலகக் கடிதங்களில் இருக்கிறது; அதைவிடப் பயன் எளியது.

வகைமாற்றக் கோரிக்கை வந்தால் நாளிதழில் பொடி எழுத்தில் அறிவிப்பு வரும். கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பு, விவசாய உபயோகத்திலிருந்து தொழிற்சாலை உபயோகத்துக்கு, ஆட்சேபணை இருந்தால் எழுதலாம் என்ற வரி. பக்கத்து வயல்காரர் அதைப் படித்தாலும் தமக்கு என்ன நேரப்போகிறது என்பது அவருக்குப் பிடிபடாது. "இந்தச் சர்வே எண்களில் உள்ள நிலம் இப்போது வேளாண் வலயத்தில் இருக்கிறது. இதைத் தொழில் வலயமாக மாற்றக் கோரிக்கை வந்துள்ளது. மாற்றினால் இங்கே தொழிற்சாலை கட்டலாம். உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் இந்த நாளுக்குள் இந்த முகவரிக்கு எழுதுங்கள்" என்று அதே அறிவிப்பைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அந்த வயலின் வரப்பிலும் ஊராட்சி அலுவலகத்தின் வாசலிலும் ஒட்டலாம்.